பதிவான சுமையிலிருந்து அயர்ச்சிச் சேதம்: நான்கு வழிகளில் எது உங்களுக்கு?

ஓசூர் பக்கம் டிப்பர் லாரிக்கான பாகங்கள் செய்யும் ஓர் இடத்தில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் போன மாதம் போன் செய்தார். ஒரு பிராக்கெட்டில் ஸ்ட்ரெயின் கேஜ் (உலோகம் எவ்வளவு நீள்கிறது என்று அளக்கும் சின்ன உணரி) ஒட்டி, குவாரிப் பாதையில் மூன்று நாள் வண்டியை ஓட்டிப் பதிவு எடுத்திருக்கிறார். "சார், மென்பொருளைத் திறந்தால் ரெயின்ஃப்ளோ, ஸ்ட்ரெயின் லைஃப், திர்லிக் என்று வரிசையாக வருகிறது. எதைத் தட்டுவது?" என்று கேட்டார்.

வேறு வேறு ஆட்கள் இதே கேள்வியை என்னிடம் கேட்டிருக்கிறார்கள். மென்பொருள் எதைத் தட்டினாலும் ஓர் எண்ணைக் கொடுத்துவிடும், சிக்கலே அதில்தான். ஒரே பதிவுக்கு ஒரு முறை பத்து வருட ஆயுள் சொல்லும், இன்னொன்று பத்து மாதம் சொல்லும். எந்த எண்ணை நம்புவது என்பதைப் பதிவு எப்படி எடுக்கப்பட்டது என்பதை வைத்துத்தான் சொல்ல முடியும்.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கட்டுக்கம்பியை ஒரே இழுப்பில் அறுக்க முடியாது. வளைத்து நிமிர்த்தி, வளைத்து நிமிர்த்திக்கொண்டே இருந்தால் உடைந்துவிடும். வளைவு கண்ணுக்கே தெரியாத அளவு சின்னதாக இருந்தாலும், லட்சக்கணக்கில் நடந்தால் எஃகும் விரிசல் விடும். இதைத்தான் அயர்ச்சி என்கிறோம். 19ஆம் நூற்றாண்டில் பிரஷ்ய ரயில்வேயில் அச்சுகள் உடைந்தபோது வோலர் இதைச் சோதனை போட்டு அளந்தார். தகைவு (பரப்பின் ஓர் அலகில் விழும் விசை) எவ்வளவு, எத்தனை சுழற்சி தாங்கும் என்று காட்டும் எஸ்-என் வளைவு அந்த வேலையில் வேர் கொண்டது. அப்புறம் பாம்கிரென் 1924இல் பேரிங்குகளுக்கும், மைனர் 1945இல் விமான அலுமினியத்துக்கும் ஓர் எளிய கூட்டல் விதியைச் சொன்னார்கள். ஒரு தகைவில் பாகம் 1,000 சுழற்சி தாங்கும் என்றால், ஒவ்வொரு சுழற்சியும் ஆயுளில் 1,000இல் ஒரு பங்கைத் தின்கிறது. தின்றதெல்லாம் சேர்ந்து 1 ஆனால் பாகம் போய்விட்டது.

இதில் மறக்கக் கூடாதது அடுக்கு. சேதம் தகைவுக்கு நேர்விகிதத்தில் வளர்வதில்லை. வெல்டு இணைப்புக்கு ஏறக்குறைய 3ஆம் அடுக்கிலும், கடைசல் பிடித்த எஃகுப் பாகத்துக்கு 5ஆம் அடுக்கிலோ அதற்கு மேலோ வளரும். அடுக்கு 5 என்றால் தகைவு இரண்டு மடங்கானதும் சேதம் 32 மடங்கு. கேஜ் 10 சதவீதம் கூடுதலாகக் காட்டினால் சேதம் 61 சதவீதம் கூடிவிடும்.

## எதை வைத்து முடிவு செய்வது

முதல் கேள்வி, உங்களுக்கு என்ன தெரிய வேண்டும் என்பது. "இந்தப் பிராக்கெட் எத்தனை கிலோமீட்டர் தாங்கும்?" என்பது ஒரு வகை. "சோதனைத் தடத்தில் ஒரு சுற்று, கிருஷ்ணகிரி குவாரிப் பாதையில் எத்தனை கிலோமீட்டருக்குச் சமம்?" என்பது வேறு வகை. இரண்டாவதுக்குப் பொருளின் எஸ்-என் வளைவுகூடத் தேவையில்லை. சுமையையே தகைவாக எடுத்துக்கொண்டு, அடுக்கை 5 என்று வைத்து, ஒரு பாதையின் சேதத்தை மற்றதன் சேதத்தால் வகுத்துப் பார்த்தால் போதும். கைக்கு வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் இந்த ரகம்தான் என்பது என் அனுபவம். ஆனால் எல்லோரும் முழு ஆயுள் கணக்குக்குள் போய் மாட்டிக்கொள்கிறார்கள்.

அடுத்து, பதிவு எந்த வடிவில் இருக்கிறது: நேரத்துக்கு நேரம் அலையாகவா, எண்ணிச் சுருக்கிய அட்டவணையாகவா, அதிர்வெண் வரைபடமாகவா? அதன் பிறகு, சுமை ஒரே சீராக இருந்ததா, நடுவில் பள்ளமும் வேகத்தடையும் வந்ததா? நான்காவது, பாகத்தில் எங்காவது எஃகு நெகிழ்கிறதா (சுமை போனாலும் பழைய வடிவுக்குத் திரும்பாமல் நிற்கிறதா), எல்லாம் மீட்சி எல்லைக்குள்தானா? கடைசியாக, கையில் இருக்கும் பொருள் தரவு என்ன? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் "ஒன்றும் இல்லை" என்றே பதில் வரும்.

## வழி 1: உச்சங்களையும் பள்ளங்களையும் தனித்தனியாக எண்ணுவது

பதிவில் உள்ள உச்சங்களை எல்லாம் ஒரு பக்கம் குவியுங்கள், பள்ளங்களை இன்னொரு பக்கம். மிகப் பெரிய உச்சத்தை மிக ஆழமான பள்ளத்தோடு ஜோடி சேருங்கள், அடுத்ததை அடுத்ததோடு. இவ்வளவுதான் உச்ச எண்ணிக்கை. பழைய காலத்துப் பதிவுக் கருவிகளில் முழு அலையையும் சேமிக்க இடம் கிடையாது. அதனால் இப்படிப்பட்ட எண்ணிக்கைகளை மட்டும் வைத்திருப்பார்கள்.

டிப்பரை வைத்தே பார்ப்போம். எண்கள் கணக்குக்கு வசதியாக நானே வைத்தவை. காலி வண்டியில் பிராக்கெட்டின் தகைவு 0க்கும் 50 மெகா பாஸ்கலுக்கும் நடுவே பத்து தடவை ஏறி இறங்குகிறது. கல் ஏற்றியதும் ஒரேயடியாக 250க்குப் போகிறது. சுமையோடு ஓடும்போது 250க்கும் 200க்கும் நடுவே ஆடி, பத்து தடவை 250ஐத் தொடுகிறது. கொட்டியதும் திரும்ப 0.

உண்மையில் நடந்தது ஒரே ஒரு பெரிய சுழற்சி, 0இலிருந்து 250 போய்த் திரும்பியது. மீதி 19 சுழற்சியும் 50 ரேஞ்ச் (உச்சத்துக்கும் பள்ளத்துக்கும் உள்ள இடைவெளி) உள்ள சின்ன ஆட்டங்கள். 50 ரேஞ்சின் சேதத்தை 1 என்று வைத்தால், அடுக்கு 5இல் 250 ரேஞ்சின் சேதம் 3,125. ஆக மொத்தம் 3,144.

உச்ச எண்ணிக்கை என்ன செய்யும்? 250 தொட்ட பத்து உச்சங்களையும் 0 தொட்ட பத்துப் பள்ளங்களோடு ஜோடி சேர்த்துவிடும். பத்து பெரிய சுழற்சி, சேதம் 31,250. நடந்ததைப் போலப் பத்து மடங்கு. ஒரே நாளில் பத்து தடவை கல் ஏற்றி இறக்கியதாக அது நினைத்துக்கொள்கிறது.

இதற்கு நேர்மாறான தவறைச் செய்யும் எளிய முறையும் உண்டு. ஒவ்வொரு ஏற்றத்தையும் இறக்கத்தையும் தனியாக எடுத்து, ஆளுக்கு அரைச் சுழற்சி என்று எண்ணுவது. தகைவு 0, 200, 150, 250, 0 என்று போனால் அதற்கு 200, 50, 100, 250 என நான்கு அரைச் சுழற்சி தெரியும். அடுக்கு 5இல் கூட்டினால் 2,091. நடந்ததோ 250 ரேஞ்சில் ஒரு முழுச் சுழற்சி, அதன் நடுவே 50 ரேஞ்சில் ஒரு சின்னச் சுழற்சி. அதன் சேதம் 3,126. மூன்றில் ஒரு பங்கு சேதம் கணக்கிலேயே வரவில்லை. இந்த முறையை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். தப்பு செய்வதுதான் என்றால் பாதுகாப்பான பக்கமாவது செய்ய வேண்டும்.

உச்ச எண்ணிக்கைக்கு இன்றைக்கும் ஓர் இடம் உண்டு. பழைய பதிவு அட்டவணையாக மட்டும் மிஞ்சியிருந்தால் வேறு வழியில்லை. அப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். இவ்வளவு மிகைப்படுத்தியும் பாகம் தாங்கும் என்று வந்தால், அதோடு வேலையை முடித்துக்கொள்ளலாம். தாங்காது என்று வந்தால் அதிலிருந்து எந்த முடிவுக்கும் வர முடியாது, திரும்பப் பதிவு எடுக்க வேண்டும்.

## வழி 2: ரெயின்ஃப்ளோ, எஸ்-என் வளைவு, மைனர் கூட்டல்

1968இல் ஜப்பானில் மாட்சுயிஷியும் எண்டோவும் சொன்ன முறை. வரைபடத்தை நிமிர்த்தி வைத்து நேர அச்சு கீழ்நோக்கிப் போகுமாறு செய்தால், அலை அடுக்கடுக்கான பகோடா கூரைபோலத் தெரியும். மழைநீர் ஒரு கூரையிலிருந்து வழிந்து எந்தக் கூரையில் விழுகிறது, எங்கே நிற்கிறது என்று பார்த்துச் சுழற்சிகளைப் பிரிப்பார்கள். அடுத்தடுத்துத் தாழ்வாரம் இறக்கிய ஓட்டு வீட்டில் மழை பெய்யும்போது ஓரமாக உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும்.

கணினியில் இப்போது யாரும் கூரை வரைவதில்லை. விஷயம் இவ்வளவுதான்: பெரிய ஏற்றத்தின் நடுவே ஒரு சின்ன இறக்கம் வந்து திரும்பினால், அந்தச் சின்னதைத் தனிச் சுழற்சியாக எடுத்து வைத்துவிட்டு, பெரிய ஏற்றம் தடைபடவே இல்லை என்பதுபோல் தொடர வேண்டும். இது வெறும் எண்ணும் தந்திரம் இல்லை. உலோகமே அப்படித்தான் நடந்துகொள்கிறது. தகைவு-திரிபு வரைபடத்தில் (திரிபு என்பது உலோகம் எந்த அளவு நீள்கிறது என்பது) சின்ன இறக்கம் ஒரு மூடிய வளையமாக முடியும், முடிந்ததும் பெரிய வளைகோடு விட்ட இடத்திலிருந்து போகும். மேலே சொன்ன இரண்டு உதாரணங்களிலும் 3,144, 3,126 என்ற சரியான விடை வந்தது இந்த வழியில்தான்.

ஏஎஸ்டிஎம் என்ற அமெரிக்கத் தர அமைப்பின் இ1049 என்ற தரநிலை 1985இலிருந்து இதற்கான படிகளைத் தருகிறது. பைத்தானில் இலவச நூலகங்களும் கிடைக்கின்றன. நீங்களே நிரல் எழுதினாலும் சரி, இறக்கிக்கொண்டாலும் சரி, அந்தத் தரநிலையின் சின்ன உதாரணத்தை முதலில் கொடுத்துப் பாருங்கள்: −2, 1, −3, 5, −1, 3, −4, 4, −2. ரேஞ்ச் 3க்கு அரை, 4க்கு ஒன்றரை, 6க்கு அரை, 8க்கு ஒன்று, 9க்கு அரை என்று வர வேண்டும். வராவிட்டால் நிரலைத் தூக்கிப் போடுங்கள்.

மறைந்திருக்கும் செலவுகளைப் பார்ப்போம். முதலாவது எஸ்-என் வளைவு. பளபளவென்று மெருகேற்றிய சோதனைக் கம்பியின் வளைவை, துருப்பிடித்த ஃபோர்ஜிங்குக்கு அப்படியே போட்டால் ஆயுள் கனவுக் கணக்காகிவிடும். வெல்டு என்றால் கொஞ்சம் நிம்மதி. சர்வதேச வெல்டிங் நிறுவனத்தின் பரிந்துரையிலும் யூரோகோடு 3 என்ற ஐரோப்பிய எஃகுக் கட்டுமான விதியிலும் இணைப்பின் வடிவத்தை வைத்தே, 20 லட்சம் சுழற்சிக்கு எவ்வளவு ரேஞ்ச் என்று வகுப்பு பிரித்து வைத்திருக்கிறார்கள். வெல்டில் ஏற்கெனவே இழுவிசைத் தகைவு தங்கியிருப்பதால் சராசரித் தகைவுக்கு (சுழற்சியின் நடு மட்டத்துக்கு) தனித் திருத்தமும் பெரும்பாலும் வேண்டாம். வெல்டு இல்லாத பாகத்துக்குக் குட்மேன் அல்லது ஸ்மித்-வாட்சன்-டாப்பர் திருத்தம் செய்தாக வேண்டும்.

இரண்டாவது, கூட்டுத்தொகை 1 வந்தால்தான் உடையும் என்பது நடைமுறையில் நிற்பதில்லை. மாறும் சுமையில் பல பாகங்கள் அதற்கு முன்பே போகின்றன. வெல்டிங் நிறுவனம் மாறும் சுமைக்கு 0.5ஐ எல்லையாக வைக்கச் சொல்கிறது. ஜெர்மனியின் எஃப்கேஎம் வழிகாட்டி வெல்டு இல்லாத எஃகுக்கு 0.3 என்கிறது. மென்பொருளில் 1 என்று இருப்பதை அப்படியே விட்டுவிட்டு 0.8 வந்தது என்று மகிழ்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, எந்தச் சுழற்சி முன்னால் வந்தது, எது பின்னால் வந்தது என்பது மைனர் கூட்டலில் காணாமல் போகிறது. வண்டிப் பாகங்களில் பெரியதும் சின்னதும் கலந்தே வருவதால் இதற்காக நான் பெரிதாகக் கவலைப்படுவதில்லை.

பாதை ஒப்பீடு, சோதனைத் தட ஒப்பீடு, வெல்டு, நீண்ட ஆயுள் பாகங்கள், இவை எல்லாவற்றுக்கும் என் முதல் கை இந்த வழிக்குத்தான் போகும்.

## வழி 3: இடத் திரிபை வைத்து ஆயுள்

ஓட்டை விளிம்பு, கூர்மையான மூலை போன்ற இடங்களில் எஃகு உண்மையிலேயே நெகிழும்போது தகைவுக் கணக்கு பொய் சொல்ல ஆரம்பிக்கும். அங்கே திரிபுதான் நிஜம். மென்பொருளில் ஸ்ட்ரெயின் லைஃப் என்று வருவது இதுதான். காஃபினும் மேன்சனும் 1950களில் போட்ட பாதை இது. எண்ணுவதற்கு இங்கேயும் ரெயின்ஃப்ளோதான். ஆனால் ஒவ்வொரு வளையத்தையும் வரிசைப்படி தகைவு-திரிபு வரைபடத்தில் பின்தொடர்வதால், ஒரு பெரிய அடிக்குப் பிறகு சராசரித் தகைவு எப்படி இடம் மாறியது என்பதும் கணக்குக்குள் வந்துவிடும்.

சஸ்பென்ஷன் கை ஒன்று நடைபாதை விளிம்பில் மோதுவது போன்ற அரிதான பெரிய அடிகள், சில ஆயிரம் சுழற்சிகளில் உடையும் பாகங்கள், இவற்றுக்கு இதுதான் சரி. ஆயுள் பல லட்சம் சுழற்சிக்கு மேல் போனால் இதன் விடையும் வழி 2இன் விடையும் நெருங்கிவிடும். அங்கே கூடுதல் உழைப்பு வீண்.

செலவு பொருள் தரவில் இருக்கிறது. நான்கு அயர்ச்சி மாறிலிகள், சுழற்சித் தகைவு-திரிபு வளைவுக்கு இரண்டு, ஆக ஆறு எண்கள் வேண்டும். திரிபைக் கட்டுப்படுத்திச் சோதிக்கும் இயந்திரத்தில்தான் அவை கிடைக்கும். "கிட்டத்தட்ட இதே எஃகுதான்" என்று கையேட்டிலிருந்து எடுத்து நிரப்பினால், துல்லியமான முறைக்குள் ஊகத்தை ஊற்றிய கதைதான். இன்னொன்று: கேஜைச் சரியாக மூலையில் ஒட்ட முடியாது, பக்கத்தில்தான் ஒட்டுவோம். அங்கிருந்து மூலைக்குப் போக நியூபர் விதியும் ஒரு ஃபைனைட் எலிமென்ட் மாடலும் (பாகத்தைச் சின்னத் துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடும் கணினி மாடல்) தேவைப்படும்.

## வழி 4: அதிர்வெண் வரைபடத்திலிருந்து நேராகச் சேதம்

சுழற்சிகளை எண்ணவே வேண்டாம், அலையின் ஆற்றல் எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு என்ற வரைபடம் போதும் என்கிறது இந்த வழி. 1985இல் திர்லிக் தந்த சூத்திரம், அந்த வரைபடத்திலிருந்து ரெயின்ஃப்ளோ ரேஞ்சுகள் எப்படிப் பரவியிருக்கும் என்று மதிப்பிடுகிறது. குறுகிய பட்டைக்கான பழைய சூத்திரத்தை அகன்ற பட்டைக்குப் போட்டால் சேதம் மிகையாக வரும். திர்லிக் அதைச் சரிசெய்கிறது.

பேட்டரிப் பெட்டி, கட்டுப்பாட்டுக் கருவி போன்றவற்றை அதிரும் மேடையில் வைத்துச் சோதிக்கும்போது வாடிக்கையாளர் உங்களுக்குக் கொடுப்பதே அதிர்வெண் வரைபடம்தான். அலையே இருக்காது. பெரிய மாடலில் ஆயிரக்கணக்கான இடங்களுக்குச் சேதம் பார்க்க வேண்டும் என்றாலும் இதன் வேகத்தை வேறெதுவும் எட்டாது.

ஆனால் சாலைப் பதிவை இதில் போடும் முன் கொஞ்சம் நில்லுங்கள். இந்தச் சூத்திரங்கள், சுமை முழுக்க ஒரே சீரான தாறுமாறு என்று நம்புகின்றன. ஒரு மணி நேரப் பதிவில் 58 நிமிடம் நல்ல சாலை, ஆட்டத்தின் அளவு (ஆர்எம்எஸ், அதாவது வர்க்கங்களின் சராசரிக்கு வர்க்கமூலம்) 10. மீதி 2 நிமிடம் குண்டும் குழியும், அளவு 40. இரண்டையும் கலந்து ஒரே வரைபடம் எடுத்தால் அளவு ஏறக்குறைய 12 என்று வரும். அடுக்கு 5இல், தனித்தனியாகக் கணக்கிட்டதைவிடச் சேதம் சுமார் 13 மடங்கு குறைவு. முழுச் சேதத்தில் 97 சதவீதம் அந்த 2 நிமிடத்தில்தான் இருந்தது. வரைபடம் அதை ஒரு மணி நேரத்துக்கும் தடவிப் பரப்பிவிட்டது. பகுதி பகுதியாகப் பிரித்துச் செய்தால் தப்பிக்கலாம். ஆனால் அதைச் செய்ய முழு அலை கையில் வேண்டும். அலை இருந்தால் ரெயின்ஃப்ளோவே செய்துவிடலாமே!

காலி வண்டியிலிருந்து பாரம் ஏறும்போது வரும் மெதுவான ஒற்றைத் தாவலும் இதில் சிக்காது. அதிர்வெண் வரைபடத்தில் சராசரியை முதலிலேயே கழித்துவிடுவது வழக்கம்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | உச்ச எண்ணிக்கை | ரெயின்ஃப்ளோ + எஸ்-என் | இடத் திரிபு | அதிர்வெண் வழி |
|---|---|---|---|---|
| தேவையான பதிவு | அட்டவணை போதும் | முழு அலை | முழு அலை, வரிசை கெடாமல் | அதிர்வெண் வரைபடம் |
| பொருள் தரவு | எஸ்-என் | எஸ்-என். ஒப்பீட்டுக்கு அடுக்கு மட்டும் | ஆறு மாறிலிகள் | எஸ்-என் |
| பள்ளம், வேகத்தடை | மிகைப்படுத்தும் | சரியாக எண்ணும் | சரியாக எண்ணும் | கரைத்துவிடும் |
| உலோகம் நெகிழ்ந்தால் | பொருந்தாது | பொருந்தாது | இதற்கென்றே உள்ளது | பொருந்தாது |
| மறைந்த செலவு | பொய் அபாயமணி | எஸ்-என் வளைவின் தரம், 1 என்ற எல்லை | சோதனைக்கூடம், மாடல் | சீரான சுமை என்ற அனுமானம் |

சுமையின் திசையே மாறிக்கொண்டிருக்கும் பாகங்களை, அதாவது முறுக்கும் வளைப்பும் வேறு வேறு நேரத்தில் வரும் தண்டுகளை, இந்த நான்கும் அப்படியே கையாளாது. அதற்கு ரொசெட் கேஜும் (ஒரே இடத்தில் பல திசைகளில் அளப்பது) பல தளங்களில் சேதம் தேடும் கணக்கும் வேண்டும். அது தனிக் கதை.

## முறையைவிடப் பெரிய தவறுகள்

மாதிரி வேகம் (நொடிக்கு எத்தனை புள்ளி பதிவாகிறது என்பது) குறைவாக இருந்தால் உச்சம் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஒளிந்துகொள்ளும். ஒரு சுழற்சிக்கு 10 புள்ளி எடுத்தால் உச்சம் மோசமான நிலையில் 5 சதவீதம் குறையும், 5 புள்ளி எடுத்தால் 19 சதவீதம். அடுக்கு 5இல் அது 22 சதவீத, 65 சதவீதச் சேத இழப்பு. நினைவகத்துக்குக் கஞ்சத்தனம் காட்டக் காரணமே இல்லை. 8 கேஜ், நொடிக்கு 500 புள்ளி, புள்ளிக்கு 4 பைட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 58 எம்பிகூட வராது.

அப்புறம் முள், அதாவது அலையில் பொய்யாகக் குத்திட்டு நிற்கும் ஒற்றைப் புள்ளி. ஒரு தடவை ஒரு பதிவில் ஆயுள் திடீரென்று பாதாளத்துக்குப் போயிருந்தது. அலையை விரித்துப் பார்த்தால் வழக்கமாக 60 மெகா பாஸ்கல் ஆடும் இடத்தில் ஒரே ஒரு புள்ளி 600இல் நிற்கிறது. கனெக்டரில் ஒரு பின் லூஸ். பத்து மடங்கு ரேஞ்ச், அடுக்கு 5, ஆக அந்த ஒரு புள்ளி ஒரு லட்சம் சாதாரணச் சுழற்சிகளின் சேதத்தைத் தனியாகச் சுமந்திருந்தது. அன்றிலிருந்து சேதக் கணக்குக்கு முன் ஒவ்வொரு கேஜின் முதல் பத்து பெரிய சுழற்சிகளையும் அலையில் தேடி, கண்ணால் பார்த்துவிடுவது என் வழக்கம்.

இனி ஓசூர்த் தம்பி. பிராக்கெட் வெல்டு, நீண்ட ஆயுள், முழு அலை இருக்கிறது. கேள்வியே இல்லை, வழி 2. ஆனால் கோப்புகளை அனுப்பச் சொன்னேன். ஒரு நடைக்கு இரண்டு கோப்பு இருந்தது, காலியாகப் போனது ஒன்று, பாரத்தோடு வந்தது ஒன்று. குவாரியில் இன்ஜினை நிறுத்தும்போது பதிவுக் கருவியும் நின்றிருக்கிறது. திரும்ப ஆன் ஆனதும் ஒவ்வொரு கேஜையும் தானாகவே பூஜ்யத்துக்குக் கொண்டுவந்திருக்கிறது. காலி வண்டி 0இல் ஆடுகிறது, பாரம் ஏற்றிய வண்டியும் 0இல் ஆடுகிறது. கல் ஏறியதற்கான அந்தப் பெரிய சுழற்சி எந்தக் கோப்பிலும் இல்லை.

மேலே போட்ட கணக்கையே எடுத்துக்கொண்டால் மிஞ்சியது 19 சின்னச் சுழற்சி மட்டும். வெல்டுக்கு அடுக்கு 3 என்று வைத்தால், இருக்க வேண்டியது 144, கோப்பில் இருப்பது 19. கடைசல் பாகமாக இருந்து அடுக்கு 5 என்றால் 3,144க்குப் பதில் 19.

"அப்படியானால் எதைத் தட்டுவது சார்?" என்று மறுபடியும் கேட்டார். முதலில் கருவியில் தானியங்கிப் பூஜ்யத்தை அணைக்கச் சொன்னேன். கருவிக்குத் தனி பேட்டரி போட்டு, காலையில் காலி வண்டியில் ஒரே ஒரு தடவை பூஜ்யம் பிடித்து, சாயங்காலம் வரை ஒரே கோப்பாக ஒரு நாள் ஓட்டச் சொன்னேன். மாலையில் அதே இடத்தில் வண்டியைக் காலியாக நிறுத்தி, கேஜ் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளவும் சொல்லியிருக்கிறேன். வெயிலில் கேஜ் நகர்ந்தால் அதுவும் ஒரு பெரிய சுழற்சியாக வேஷம் போடும். வியாழக்கிழமை ஓட்டுகிறார்கள்.